இணைய முகவரியும் ‘படிக்கத் தெரியாதவர்’ என்னும் பழியும்

அச்சிட்ட நூலைக் கையில் எடுத்தவுடன் நாம் பார்ப்பது தலைப்புப் பக்கம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பன எல்லாம் அங்கே உள்ளன. இவற்றைப் பாராமலே உள்ளே புகுந்து படிப்பவரும் பலர் உண்டு. ஆயினும், படிப்பவர் பார்ப்பதில்லை என்பதற்காக அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு நூலை விற்ற பதிப்பாளரை நாம் கேள்விப்பட்டதில்லை. இணையத்தில் ஏறத்தாழ அத்தகைய செயல் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது. அதனைப் பற்றி நம் ஆசிரியர்கள் இதுகாறும் மிகுதியாகப் பேசவில்லை. பொறியாளர்கள் தமக்குள் வாதிட்டுத் தீர்க்க வேண்டிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிட்டோம். உண்மையில் அது படிப்பைப் பற்றிய செய்தி. ஆகவே ஆசிரியரைப் பற்றிய செய்தி.

இணையப் பக்கத்திற்குத் தலைப்புப் பக்கம் எனத்தக்கது அதன் முகவரியே. கணினியிலோ கைப்பேசியிலோ உலாவியைத் திறந்தால் நீண்ட பட்டை ஒன்று காணப்படும். பக்கம் யாருடைய இடத்திலிருந்து வந்தது, அவ்விடத்தில் எந்த அறையில் வைக்கப்பட்டுள்ளது என்பன அப்பட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்று அங்கே நாம் காண்பது பெரும்பாலும் முழு முகவரி அன்று. கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவி முகவரியின் தொடக்கத்தை மறைக்கின்றது. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவியோ தளத்தின் பெயரை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை எல்லாம் மறைக்கின்றது. பட்டையைச் சொடுக்கினால் மறைந்தது வெளிப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று மறைந்துள்ளது என்பதையே அறியாதவர் எதற்காகச் சொடுக்குவார்?

முகவரியின் உறுப்புகளை முதலில் பார்த்துவிடுவோம். (ஆங்கில எழுத்தில் அமைந்தவற்றை ஒலிக்குமாறு தமிழ் எழுத்தில் தருகின்றேன்.) சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தொகுத்து வைத்துள்ள பழைய நாளிதழ்களில், 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழின் கட்டுரை ஒன்றைத் திறப்பதாகக் கொள்வோம். முதலில் ‘எச்டிடிபிஎஸ்’ என்றும், ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் நிற்கும். இது செய்தி எவ்வகை ஒப்பந்தத்தில் வருகின்றது என்பதைக் கூறும். அடுத்து ‘ஈரிசோர்சஸ்.என்எல்பி.கவ்.எஸ்ஜி’ என்பது தளத்தின் பெயர். அதன்பின் ஒற்றைச் சாய்கோடு. அதற்கு அப்பால் ‘நியூஸ்பேப்பர்ஸ்’ என்று தொடங்கி, சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு, இறுதியில் நாளிதழின் பெயரும் அதனோடு ஒட்டி 19650810 என்ற எண்ணும், இதழில் கட்டுரை நிற்கும் இடத்தைக் காட்டும் வேறு சில எண்களும் வரும். இதனைப் பாதை என்பர். ஒப்பந்தம், பெயர், பாதை என்னும் இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் போதும்.

மறைத்தல் ஒரே நாளில் வந்ததன்று. 2009ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பில் தளத்தின் பெயரைக் கறுப்பாகவும் ஏனைய பகுதிகளைச் சாம்பல் நிறமாகவும் காட்டிற்று. அது மறைத்தலன்று, அடிக்கோடிட்டுக் காட்டுவது போன்றது. அதனை நான் பாராட்டுவேன். 2010இல் குரோம் ‘எச்டிடிபி’ என்னும் தொடக்கத்தை நீக்கிற்று. 2011இல் ஃபயர்பாக்ஸ் பின்பற்றிற்று. 2014இல் ஆப்பிள் தன் மேசைக் கணினிச் சபாரியில் பாதை முழுவதையும் மறைத்தது. 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்த குரோமின் 76ஆம் பதிப்பு ‘எச்டிடிபிஎஸ்’ என்பதையும், தளப்பெயரின் முன்னே வழக்கமாக நிற்கும் மூன்று டபிள்யூக்களையும் மறைத்தது. 2020இல் கூகுள் இன்னும் ஓரடி எடுத்து வைத்து, பயனாளருள் ஒரு பகுதியினருக்குப் பாதையையும் மறைத்துவிட்டுத் தளத்தின் அடிப்படைப் பெயரை மட்டும் காட்டிச் சோதனை நடத்திற்று. அச்சோதனை என்னாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வாறு செய்வதற்கு அவர்கள் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இணையத்தில் ஏமாற்றுவோர் பலர். வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பொய்ப் பக்கத்தை அமைத்து, நீளமான முகவரி ஒன்றின் நடுவே வங்கியின் பெயரையும் செருகி விடுகின்றனர். படிப்பவர் நீண்ட வரியில் தமக்குத் தெரிந்த பெயரைக் கண்டவுடன் நம்பிவிடுகின்றார். இல்லினாய் பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளரும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முகவரியைக் கண்டு அது யாருடையது என்று கூறுவதில் மக்கள் பெரிதும் தடுமாறுகின்றனர் எனக் காட்டிற்று. ஆகவே நீண்ட முகவரி மக்களுக்குப் புரியாது, புரியாததை ஏன் காட்ட வேண்டும், நம்பத்தகுந்த ஒரு பகுதியை மட்டும் காட்டினால் ஏமாற்றம் குறையும் என்பது அவர்கள் வாதம்.

ஏமாற்றம் என்பது வெறும் பேச்சன்று என்பதைச் சிங்கப்பூர் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஓசிபிசி வங்கியின் பெயரில் குறுஞ்செய்திகள் வந்தன. உண்மையாக வங்கி அனுப்பிய பழைய செய்திகளின் வரிசையிலேயே அவையும் வந்து நின்றன. அவற்றிலிருந்த இணைப்பைத் தொட்டுப் பொய்ப் பக்கத்திற்குச் சென்றவர்களுள் 790 பேர் மொத்தம் ஒரு கோடியே 37 இலட்சம் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் அத்தொகையை ஈடுசெய்தது. 2022 ஜனவரியில், வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொடத்தக்க இணைப்பு வைத்தலாகாது என்னும் விதி வந்தது.

நிற்க. நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். மருந்தைப் பற்றியே என் ஐயம். ‘மக்களுக்கு முகவரியைப் படிக்கத் தெரியாது’ என்னும் முடிவு எங்கிருந்து வந்தது? படிக்கக் கற்பிக்கப் பெறாதவர்களைச் சோதித்து வந்தது. எழுத்தறியாத ஊரில் சென்று ஏட்டை நீட்டி, ‘இவர்களுக்குப் படிக்க வராது, ஏட்டைக் கட்டி வைத்துவிடுங்கள்’ என்று ஒருவர் தீர்ப்புக் கூறினால் நாம் ஏற்போமா? பள்ளி தொடங்கு என்றல்லவா கூறுவோம். முப்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் மக்கள் பார்த்து வரும் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று எந்தப் பாடநூல் முறையாகக் கற்பித்தது? கற்பிக்கும் கடமையில் நாம் தவறினோம். அத்தவற்றை மக்களின் இயலாமை என்று பெயரிட்டு உலாவி செய்வோர் ஏற்றுக்கொண்டனர்.

முகவரிக்கு ஓர் இலக்கணம் உண்டு. அது தமிழ் மாணவனுக்கு அயலானதன்று என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. ‘வங்கி மேலாளர் வீட்டுக் காவலாளி’ என்னும் தொடரைப் பாருங்கள். வங்கி பெரியது, மேலாளர் மதிப்புடையவர், ஆயினும் வந்து நிற்பவர் காவலாளி. முன்னே எத்தனை பெரிய சொற்கள் அடுக்கப்பட்டாலும் கடைசிச் சொல்லே ஆளைக் காட்டுகின்றது. ‘ஆசிரியர் மகன்’ என்றால் வந்தவன் மகன். ‘மரப்பாவை’ என்றால் கையில் உள்ளது பாவை. இதனை ஏழு வயதுப் பிள்ளையும் அறியும். தொகைப் பொருள் சிறக்கும் இடம் நான்கு என நன்னூலார் வகுத்துள்ளாரே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நான் இங்கே கொள்வது நாள்தோறும் பேசும் வேற்றுமைத் தொகையை மட்டுமே.

தளத்தின் பெயரும் இவ்வாறே அமைந்தது. தமிழ் விக்கிப்பீடியாவின் பெயர் ‘டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்’. டிஏ என்பது தமிழைக் குறிக்கும் இரண்டெழுத்து. ஆர்க் என்பது அமைப்பு என்னும் வகை. வரிசை மாறாமல் தமிழாக்கினால் ‘தமிழ் விக்கிப்பீடியா அமைப்பு’ என்று வரும். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை! இப்பொழுது ஏமாற்றுவோன் எழுதும் முகவரியைப் பாருங்கள். ‘நம்வங்கி.காம்.சரிபார்ப்பு.எங்கோவொன்று.நெட்’ என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வங்கி நிற்கின்றது. ஆனால் இத்தொடரின் காவலாளி யார்? ‘எங்கோவொன்று.நெட்’. முன்னுள்ளவை எல்லாம் அவன் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட பலகைகள். அவற்றில் எதனையும் எழுத அவனுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சிங்கப்பூரில் ‘காம்.எஸ்ஜி’, மலேசியாவில் ‘காம்.மை’ என முடியும் பெயர்களில் கடைசி இரண்டு சொற்களும் வகையைக் குறிப்பதால், உரிமையாளரைக் காண மூன்றாம் சொல்வரை செல்ல வேண்டும். இலக்கணத்தில் விதி என்றிருந்தால் புறனடை இல்லாமற் போகுமா? (குறுஞ்செய்தியில் வரும் சுருக்க முகவரிகளும் சதுரக் கட்டக் குறிகளும் வேறு இனம். அவற்றின் பொருள் தம்முள்ளே இல்லை, வெளியே உள்ளது. அவற்றை அன்மொழித் தொகை என்று சொல்லி வகுப்பில் சிரிக்க வைக்கலாம்.)

ஒற்றைச் சாய்கோட்டைத் தாண்டியதும் முறை மாறுகின்றது. பாதை பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும். நாளிதழ்கள், அவற்றுள் மின்னாக்கம் பெற்றவை, அவற்றுள் கட்டுரைகள், அவற்றுள் இந்நாளின் இக்கட்டுரை என இறங்கும். சோழர் கல்வெட்டில் ஓர் ஊரைக் கூறும்போது மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று இறங்குவதை வரலாற்று ஆசிரியர்கள் அறிவர். பாதையின் நடை அதுவே. ஆக, சாய்கோட்டிற்கு இப்பால் தொகைச்சொல், அப்பால் கல்வெட்டு. இரண்டும் நமக்குப் பழகியவை. எல்லைக்கோடு எங்கே உள்ளது என்பதைக் காணக் கற்றால் பாடம் பெரும்பகுதி முடிந்தது.

ஒரே வரியில் இரண்டு எதிரெதிர் நடைகள் இருப்பது அமைத்தவர்களின் குறை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இணைய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ அவர்களே பின்னாளில், தளப்பெயரையும் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லுமாறு சாய்கோடிட்டு அமைத்திருக்கலாம் என்று எழுதியுள்ளார். 2009இல், தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோடுகள் தேவையற்றவை என்றும் ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் கல்வி நிலையங்களை இணைத்த ‘ஜானெட்’ என்னும் வலையம் 1980களில் நாட்டின் குறியை முதலில் வைத்தே பெயர்களை எழுதி வந்தது. உலகம் வேறு வழியிற் செல்லவே, பின்னர் அதுவும் மாறிற்று. குறையுள்ள எழுத்துமுறை என்பதனால் படிப்பதை விட்டுவிடுவதில்லை. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டைவிடக் குழப்பமானதா இது? அதனையே நம் பிள்ளைகள் ஆறு வயதிற் கற்கின்றனர்.

கற்பிக்க முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன்னே உள்ளது. சிங்கப்பூர் அரசாங்கத் தளங்களின் உச்சியில், அதிகாரத்துவத் தளங்களின் முகவரி ‘கவ்.எஸ்ஜி’ என்று முடியும் என்னும் குறிப்புக் காணப்படுகின்றது. ஒரே வாக்கியம். அதில் ‘முடியும்’ என்பதே உயிரான சொல். தளப்பெயரின் கடைசியைப் பார் என்று அரசாங்கம் குடிமக்களுக்கு ஓர் இலக்கண விதியைக் கற்பிக்கின்றது. மக்களால் அதனைப் பின்பற்ற முடியும் என்று நம்பியே கற்பிக்கின்றது. தளப்பெயரை மட்டும் காட்டும் உலாவி இதற்குத் துணைதானே என்று கேட்கலாம். இவ்வொரு விதிக்குத் துணை என்பது உண்மை. ஆனால் விதி அங்கே தொடங்குகின்றதே அன்றி அங்கே முடியவில்லை.

பாதை மறைந்தால் இழப்பது என்ன? மேற்கூறிய நாளிதழ் முகவரியில் பாதை மறைந்தால் 1965 மறைகின்றது. ஆகஸ்டு 10 மறைகின்றது. எந்த நாளிதழ் என்பதும் மறைகின்றது. எஞ்சுவது நூலகத்தின் பெயர் மட்டும். ‘இதை எங்கே படித்தாய்?’ என்றால் ‘நூலகத்தில்’ என்று விடையிறுக்கும் மாணவனைப் போன்றது அது. பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் அமெரிக்க ஆவணக் காப்பகமொன்று உண்டு. அதன் முகவரியில் பதினான்கு எண்கள் தொடர்ந்து நிற்கும்: ஆண்டு, திங்கள், நாள், மணி, நிமிடம், நொடி. அதன்பின் மூலப் பக்கத்தின் முகவரி முழுவதும் வரும். ஒரு பக்கம் 2005இல் எவ்வாறிருந்தது, 2015இல் என்ன திருத்தப்பட்டது என்று ஒப்பிட விரும்பும் ஆய்வாளருக்கு அவ்வெண்களே பதிப்பாண்டு. பெயரை மட்டும் காட்டினால் இரண்டும் ஒரே காப்பகம். வேறுபாடு கண்ணிற் படாது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தொகுத்துவரும் தமிழ் நூல்களின் முகவரிகளிலும் அவ்வாறே. எந்தக் குறியாக்கத்தில் அமைந்த உரை, தொகுப்பில் எத்தனையாவது நூல் என்பன பாதையில் எழுதப்பட்டுள்ளன. இனி, அடிப்படைப் பெயர் ஒன்றையே காட்டும் முறை எங்கும் வந்துவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கத்திலுள்ள டிஏ என்னும் இரண்டெழுத்தும் போகும். தமிழ்ப் பக்கத்திற்கும் ஆங்கிலப் பக்கத்திற்கும் மலாய்ப் பக்கத்திற்கும் ஒரே பெயர்ப் பலகை!

கட்டுரையின் அடியில் ஆதாரம் எழுதச் சொன்னால் மாணவர்கள் ‘கூகுள்’ என்று எழுதுவதை ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பர். நாம் அவர்களைக் கடிந்துகொள்கின்றோம். ஆனால் அவர்கள் கையிலுள்ள கருவி ஆதாரத்தைக் காட்டாமல் பழக்கியிருக்கின்றது. 2008இல் குரோம் வந்தபோதே முகவரிப் பட்டையும் தேடுபெட்டியும் ஒன்றாக்கப்பட்டன. முகவரியை எழுதிச் செல்வதற்கு மாறாக ஏதோ ஒரு சொல்லை இட்டுத் தேடிச் செல்லும் பழக்கம் வேரூன்றிற்று. தேடலின் பக்கத்தில் விளம்பரம் முன்னே நிற்கும் என்பதையும், அவ்விளம்பரத்தால் வருவாய் பெறுவோர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். இதனை உள்நோக்கம் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. பயன் எப்பக்கம் சாய்கின்றது என்று மட்டும் சுட்டுகின்றேன்.

மூன்று டபிள்யூக்களின் கதையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த குரோமின் 69ஆம் பதிப்பு, அவற்றையும் கைப்பேசிப் பக்கத்தைக் குறிக்கும் ‘எம்’ என்னும் எழுத்தையும் பயனற்ற ஒட்டுகள் எனக் கருதி மறைத்தது. உலகின் கணினிகளுக்கு நேரம் கூறும் தொண்டமைப்பு ஒன்று உள்ளது. அதன் பெயரை மூன்று டபிள்யூக்களுடன் எழுதினால் அமைப்பைப் பற்றிய விளக்கப் பக்கம் வரும். அவையின்றி எழுதினால், நேரம் கூறும் ஆயிரக்கணக்கான கணினிகளுள் எங்கோ உள்ள ஒன்றிற்குச் செல்வோம். ஒட்டு எனக் கருதப்பட்டது இங்கே பெயரின் பகுதி. இத்தகைய எடுத்துக்காட்டுகளை மக்கள் எடுத்துக்காட்டிக் கண்டித்தபின் சில நாட்களிலேயே கூகுள் அம்மாற்றத்தைப் பின்வாங்கிற்று. மறு ஆண்டில் ‘எம்’மை விட்டுவிட்டு டபிள்யூக்களை மட்டும் மீண்டும் மறைத்தது. தமிழிலே ‘அரி’யின் முன்னே ஒரு ‘க’வைச் சேர்த்தால் ‘கரி’. எழுத்து ஒன்றுதானே, மறைத்தால் என்ன என்று அச்சுக்கோப்பவர் எண்ணினால் சிங்கமும் யானையும் ஒன்றாகிவிடும்.

எழுத்தை மறைத்து அதற்கு ஈடாகக் குறி ஒன்றை வைத்தால் போதாதா என்பார்க்கு, பூட்டுக் குறியின் வரலாறே விடை. ‘எச்டிடிபிஎஸ்’ என்னும் சொல்லின் இடத்தில் சிறு பூட்டுப் படம் நின்றது. செய்தி வழியில் பிறர் காணாதவாறு மூடப்பட்டு வருகின்றது என்பதே அதன் பொருள். மக்களோ, இத்தளத்தார் நேர்மையானவர் என்று அதற்குப் பொருள் கொண்டனர். ஏமாற்றுவோரும் தம் பக்கங்களுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டனர்; அது யார்க்கும் எளிதிற் கிடைப்பது. கள்வன் மூடிய உறையில் கடிதம் அனுப்பினால் அவன் நல்லவன் ஆகிவிடுவானா? இறுதியில், 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் குரோம் தன் 117ஆம் பதிப்பில் அப்பூட்டையே எடுத்துவிட்டு, அமைப்புகளைக் குறிக்கும் வேறொரு படத்தை வைத்தது. எழுத்து புரியவில்லை என்று வைத்த படம் எழுத்தைவிடத் தவறாகப் படிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா?

எல்லா மறைப்பும் தீது என்பது என் கருத்தன்று. ‘எச்டிடிபிஎஸ்’ என்பதை மறைத்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. 2018 ஜூலை முதல், காப்பற்ற தளங்களைக் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லாலேயே எச்சரிக்கின்றது. அது போதும். தமிழ் எழுத்துகள் முகவரியில் வரும்போதும் உலாவி செய்யும் உதவி பெரிது. ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகக் கொள்கின்றது. உலகளாவிய முகவரி விதிப்படி ஒவ்வொரு குறியும் விழுக்காட்டு அடையாளங்களும் ஆங்கில எழுத்தெண்களுமாக ஒன்பது இடத்தை அடைக்கும். ஆக, மூன்றெழுத்துச் சொல் நாற்பத்தைந்து இடங்களில் விரிந்து, எவராலும் படிக்க முடியாத கோலம் ஆகிவிடும். உலாவி அதனை மறைத்துத் ‘தமிழ்’ என்றே காட்டுகின்றது. படியெடுத்து நண்பருக்கு அனுப்பினாற்றான் அக்கோலம் வெளிப்பட்டு அச்சுறுத்தும். இங்கே உலாவி செய்வது மொழிபெயர்ப்பு. உள்ளதை நாம் படிக்கும் வடிவிற்குக் கொணர்கின்றது, ஒன்றையும் விழுங்கவில்லை.

2011 முதல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் தளப்பெயருக்கு இடமுண்டு. இத்தகைய பெயர்களும் உள்ளே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கிலக் கோவையாகவே செல்கின்றன. வழக்கமாக அதனை மறைத்துத் தமிழைக் காட்டுவதே நன்று. ஆயினும் இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை, பார்வைக்கு ஒத்த ரஷ்ய வகை எழுத்துகளால் முழுவதும் எழுதிப் பதிவு செய்து காட்டினார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குரோம் கண்ட தீர்வு என்ன? ஐயத்திற்குரிய அப்பெயரை ‘எக்ஸ்என்’ கோவையாகவே அப்படியே காட்டிவிடுவது. அழகற்றது, படிக்க இயலாதது. ஆனால் படிப்பவரைத் திடுக்கிட்டு நிற்கச் செய்வது. மெய்யாகவே இடர் வந்தபோது அவர்களும் உள்ளதை வெளிப்படுத்தித்தான் காத்தனர்.

இனி 2020இன் சோதனைக்கு வருவோம். பாதையை மறைத்தால் மக்கள் ஏமாறுவது குறையும் என்பது கருதுகோள். சுட்டியை முகவரியின்மேல் கொண்டு சென்றால் முழுவதும் தெரியுமாறும் ஏற்பாடு செய்திருந்தனர். 2021ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கூகுள் பொறியாளர்கள் அச்சோதனையைக் கைவிட்டனர். பாதுகாப்பு அளவைகளில் அதனால் மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்பதே அவர்கள் தெரிவித்த காரணம். சோதித்துப் பார்த்ததும், பயனில்லை என்றதும் வெளிப்படையாகக் கைவிட்டதும் அறிவியலார்க்கு உரிய நேர்மை. அதனைப் பாராட்டத்தான் வேண்டும். சபாரியோ சோதனை முடிவு எதனையும் பொருட்படுத்தாமல் பெயரை மட்டும் காட்டி வருகின்றது. ஒரு பெரு நிறுவனம் பயனில்லை எனக் கண்டதை இன்னொன்று அழகு கருதித் தொடர்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1998இல் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். தளம் நடத்துவோர் முகவரியைச் சிந்தித்து அமைக்க வேண்டும். ஆண்டுகள் பல கடந்தும் அதே முகவரியில் அதே பொருள் கிடைக்க வேண்டும் என்றார். நூலக வாரியத்தின் நாளிதழ் முகவரி, நாளும் இதழும் தெரியுமாறு அமைந்தது அத்தகைய சிந்தனையால்தான். யாரும் பாராத முகவரியை யார் சிந்தித்து அமைப்பர்? முகப்பு தெருவிற்குத் தெரியாத வீட்டிற்கு வண்ணம் பூசுவாரில்லை.

கணினியில் முழு முகவரியைத் திரும்பப் பெறுவது எளிது. குரோமில் முகவரிப் பட்டையின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், முழு முகவரியையும் எப்போதும் காட்டுமாறு பணிக்கும் வரி ஒன்று தோன்றும், அதனைத் தேர்ந்துகொள்ளலாம். சபாரியில் அமைப்புகளுக்குள் சென்று, மேம்பட்டவை என்னும் பகுதியில் அதற்கான கட்டத்தைக் குறியிட வேண்டும். பள்ளியின் கணினி அறையில் இதனைச் செய்து வைக்க ஐந்து நிமிடம் போதும்.

பிறகு ஒரு பாடவேளையை ஒதுக்கி, நாளிதழ்த் தொகுப்பின் முகவரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டில் ஒரு மாணவனை வந்து நேர்க்கோடு இழுக்கச் சொல்லுங்கள். இடப்புறத்தை வலமிருந்து படிக்கட்டும். யாருடைய இடம் என்று சொல்லட்டும். வலப்புறத்தை இடமிருந்து படிக்கட்டும். எந்த இதழ், எந்த நாள் என்று பக்கத்தைத் திறவாமலே சொல்லட்டும். அடுத்து ‘நம்வங்கி.காம்’ என்று தொடங்கும் அந்தப் பொய் முகவரியை எழுதி, காவலாளி யார் என்று கேளுங்கள்.